திடல் ஊருக்குச் சொந்தம், சாவி யாரிடம்?

கூட்டமைப்பின் கல்விப் பக்கம்: குழுக்கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிக்க



இந்தப் பக்கத்தில் சேமிப்பு, உள்கடன், வட்டிக் கணக்கு, காப்பீடு என்று பல பாடங்கள் படித்திருக்கிறோம். இந்த மாதப் பாடம் விளையாட்டுத் திடல். "வேலைக்கே நேரம் பத்தல, இதுல விளையாட்டு வேறயா?" என்று உங்களில் சிலர் சிரிப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நல்லம்பள்ளி ஒன்றியத்தில் ஒரு சிற்றூர். ஊர் பெயர் வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் குழுக்கூட்டத்துக்குப் போயிருந்தோம். சந்தா வாங்கி, தீர்மானப் புத்தகம் எழுதி முடித்த நேரம். உறுப்பினர் ஒருவரின் மகள், ஒன்பதாவது படிக்கிறவள், வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துக் கபடி அணியில் இருப்பவள். "நல்லா ஆடுதாமே?" என்று கேட்டோம். அம்மா பெருமூச்சு விட்டார்.

"ஆடிட்டுதான் இருந்தா மேடம். வீட்டுக்கு வந்தா பழகறதுக்கு எடம் இல்ல. ஊர்த் திடல்ல பசங்க கிரிக்கெட் ஆடறாங்க. இருட்டுச்சுன்னா ஒரு மூலையில குடிக்கறாங்க. பொட்டப்புள்ளய எப்படி அனுப்பறது?"

பக்கத்தில் இருந்த பாட்டி விடவில்லை. "வயசுக்கு வந்த புள்ளைக்கு என்ன ஆட்டம்? பத்தாவது முடிச்சா ஒரு நல்ல எடமா பாத்துட்டா நம்ம கடமை தீந்தது" என்றார்.

அந்தப் பெண் யாருக்கும் எதிர்ப்பேச்சு பேசவில்லை. எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அந்தத் திடல் யாருது மேடம்? பசங்களுதா?"

எங்களிடம் அன்று சரியான பதில் இல்லை. பல வருடமாக உங்கள் குழுக்களுக்கு வருகிறோம். எத்தனை படிவம் நிரப்பியிருப்போம்! சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, கறவை மாடு எத்தனை என்று கேட்டோம். உங்கள் மகளுக்கு விளையாட இடம் உண்டா என்று ஒரு தடவைகூட கேட்கவில்லை. அந்தக் குறை எங்களுடையது. அதற்கான பதில்தான் இந்தப் பாடம்.

ஊரே நடத்தும் ஒரு விளையாட்டுக் கூடம்

முதலில் வெகுதூரம் போய்விட்டு வருவோம். கனடா நாட்டில் டொராண்டோ என்று ஒரு பெரிய நகரம். இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டுப் போன தமிழர்கள் நிறையப் பேர் அங்கே குடியேறினார்கள். அந்த நகரின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் தமிழ்க் கடை, தமிழ்க் கோயில் எல்லாம் உண்டு.

அங்கே விளையாட்டுக் கூடங்களைக் கட்டி நடத்துவது நகராட்சி. நம் ஊரில் ஊராட்சி தண்ணீர்த் தொட்டியையும் தெருவிளக்கையும் பார்த்துக்கொள்வது போல, அந்த நகராட்சி நீச்சல்குளம், உடற்பயிற்சிக் கூடம், பனிச்சறுக்குத் திடல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறது. சில இடங்களில் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள் இருக்கும். சாதாரண மக்கள் வந்து பனியில் சறுக்கி விளையாடும் நேரத்துக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. மக்கள் கட்டும் வரியில் நடப்பது என்பதால் அது மக்களின் சொத்து.

"பனிச்சறுக்குத் திடல்னா என்ன?" என்று கேட்பீர்கள். ஒரு பெரிய கூடத்தில் தரை முழுக்க ஐஸ் கட்டி. அதன்மேல் கத்தி போன்ற இரும்புத் தகடு பொருத்திய காலணி போட்டுக்கொண்டு வழுக்கி வழுக்கி ஓடுவார்கள். ஐஸ் ஹாக்கி என்ற ஆட்டமும் அதில்தான். முழு அளவுத் திடல் 200 அடி நீளம், 85 அடி அகலம். நம் கணக்கில் சொன்னால் சுமார் 39 சென்ட் நிலம்.

வெயில் காலத்திலும் அந்த ஐஸ் உருகாமல் எப்படி நிற்கிறது? சிமெண்ட் தரைக்குள் வரிசையாகக் குழாய் பதித்திருப்பார்கள். குழாய்க்குள் உப்புக் கரைசல் ஓடிக்கொண்டே இருக்கும். நம் ஊருக்குக் குல்பி ஐஸ் கொண்டு வருபவர் பானையில் ஐஸோடு கல்லுப்பு போட்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு சேர்ந்த நீர் சாதாரண நீர் உறையும் குளிரிலும் உறையாது. அதைவிட அதிகக் குளிர்ச்சிக்குப் போகும். அதே சூத்திரம்தான் இங்கும். பெரிய இயந்திரம் அந்தக் கரைசலைக் குளிரவைத்துக் குழாயில் அனுப்புகிறது. தரைமேல் தண்ணீரை மெல்லிசாகத் தெளித்துத் தெளித்து, ஒன்று அல்லது ஒன்றரை அங்குலக் கனத்துக்கு ஐஸ் படிய வைக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் மேற்பரப்பில் கீறல் விழுந்திருக்கும். அதைச் சீவிச் சமமாக்கி மேலே தண்ணீர் விட்டுப் போகும் வண்டியை 1949ல் அமெரிக்காவில் பிராங்க் ஜாம்போனி என்பவர் உருவாக்கினார். இன்றும் அந்த வண்டியை ஜாம்போனி என்றே சொல்கிறார்கள்.

இந்த இயந்திரத்தை நிறுத்தினால் ஐஸ் தண்ணீராகிவிடும். ஆகவே இப்படி ஒரு கூடத்தைக் கட்டுவது ஒரு செலவு, தினம் தினம் காப்பாற்றுவது இன்னொரு செலவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

முதல் சாவி: நேரம்

நகராட்சியின் சொத்து, எல்லோரும் போகலாம், ஆனாலும் பெண்களுக்குச் சமமாகக் கிடைத்ததா? இல்லை.

டொராண்டோவில் நகராட்சிக்குச் சொந்தமான பல பனித்திடல்களை உள்ளூர் நிர்வாகக் குழுக்கள் நடத்தின. சாயங்காலம், சனி, ஞாயிறு என்று நல்ல நேரமெல்லாம் ஆண்பிள்ளைகளின் சங்கங்கள் வருடக்கணக்காகப் பிடித்து வைத்திருந்தன. பெண்பிள்ளைகள் விளையாட வந்தபோது மிச்சம் மீதி நேரம்தான் கிடைத்தது. "நாங்க எப்பவும் இந்த நேரத்துலதான் ஆடறோம்" என்பதே அவர்கள் காட்டிய பத்திரம்! எல்லோருக்கும் நியாயமாகப் பங்கிட வேண்டும் என்ற கொள்கை நகராட்சியிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது காகிதத்தில் தூங்கியது. பெண்கள் ஹாக்கிச் சங்கங்கள் கேள்வி கேட்டு, 2009ல் அது ஊர் அறிந்த பிரச்சினை ஆனது. அதன் பிறகுதான் பெண்களுக்கு உரிய பங்கு நேரத்தைக் கொடுங்கள் என்று நகராட்சி அந்த நிர்வாகக் குழுக்களுக்குச் சொன்னது.

இதில் நாம் கற்கும் பாடம்: கதவில் "பெண்கள் வரக்கூடாது" என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கால அட்டவணையில் பெண்களுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான். வாயால் விரட்டுவது ஒரு வகை. நேரம் கொடுக்காமல் விரட்டுவது இன்னொரு வகை. இரண்டாவதில் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. "யாரும் உங்கள வர வேணாம்னு சொல்லலியே" என்பார்கள்.

நம் ஊர்த் திடலை நினைத்துப் பாருங்கள். பெண்கள் வரக்கூடாது என்று பலகை இருக்கிறதா? இல்லை. ஒரு பெண்பிள்ளையாவது சாயங்காலம் அங்கே நிற்கிறாளா?

இரண்டாவது சாவி: பராமரிப்பு

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். உத்தரகண்ட் மாநிலத்தின் டேராடூன் நகரில் மகாராணா பிரதாப் விளையாட்டுக் கல்லூரி வளாகத்தில் ஒரு உள்ளரங்கப் பனித்திடல் இருக்கிறது. மாநில அரசின் சொத்து. 2011 ஜனவரியில் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டினார்கள். சர்வதேச அளவில் இந்தியாவின் முதல் பனித்திடல் அது. போட்டி நடந்தது, பரிசு கொடுத்தார்கள், எல்லோரும் ஊருக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு? குளிரூட்டும் இயந்திரத்துக்கு மின்சாரச் செலவு, ஆள் செலவு, பழுது பார்க்கும் செலவு. தொடர்ந்து நடத்த ஏற்பாடு இல்லாமல் பத்து வருடத்துக்கு மேல் அது பயன்படாமல் கிடந்தது. சீர்செய்து 2025ல்தான் மறுபடி திறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆசிய அளவிலான பனிச்சறுக்குப் போட்டி அங்கே நடந்தது. இடையில் போன வருடங்கள்? 2011ல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு 2025ல் இருபத்து நாலு வயது. கட்டடத்தைச் சீர்செய்யலாம். போன வயதைச் சீர்செய்ய முடியாது.

நம் ஊரில் திறப்பு விழாவோடு பூட்டிய கழிப்பறையும், தண்ணீர் வராத தொட்டியும் நமக்குத் தெரியாததா? திறப்பு விழாவுக்குப் பந்தல் போட ஆள் இருக்கும். மறுநாள் பெருக்க ஆள் இருக்காது. கறவை மாட்டுக் கடன் கேட்கும்போது நாம் என்ன கேட்போம்? "மாடு வாங்கிடுவ, சரி. தீவனத்துக்கு என்ன வழி?" பொதுச் சொத்துக்கும் அதே கேள்விதான்.

பராமரிப்பை முன்யோசனையோடு செய்த உதாரணமும் உண்டு. ஸ்கார்பரோவில் டொராண்டோ நகராட்சியும் ஒரு பல்கலைக்கழகமும் கூட்டாகச் சொந்தம் கொண்டாடும் பான் ஆம் விளையாட்டு மையம் இருக்கிறது. 2014ல் திறந்தது, 2015ல் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. நீச்சல்குளங்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் உள்ள பெரிய இடம். அதன் கட்டுமானச் செலவில் 3 கோடி டாலர் மாணவர்களின் பங்கு. 2010ல் மாணவர்களே வாக்கெடுத்து, தங்கள் கட்டணத்தோடு அதற்கு ஒரு தொகை சேர்த்துக் கட்டச் சம்மதித்தார்கள். வாக்களித்தவர்களில் பலர் கட்டி முடிப்பதற்குள் படிப்பை முடித்துப் போயிருப்பார்கள். பின்னால் வருகிற தம்பி தங்கைகளுக்காகக் கொடுத்தார்கள். போட்டி முடிந்த பிறகும் அந்த இடம் மாணவர்களும் ஊர் மக்களும் புழங்கும் இடமாக நீடிக்கிறது. சிறுதுளி பெருவெள்ளம் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான் 1989ல் தமிழ்நாட்டின் மகளிர் குழுத் திட்டமே தொடங்கியது.

மூன்றாவது சாவி: கட்டணம்

இனி சென்னை. 1688ல் உருவான பழைய மாநகராட்சி அது. விளையாட்டுத் திடல்கள், உடற்பயிற்சிக் கூடங்கள், மெரினா கடற்கரையில் நீச்சல்குளம் என்று மாநகராட்சிக்குச் சொந்தமான இடங்கள் நகரெங்கும் உள்ளன. நம் அரசியல் சட்டத்தின் 12வது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்கு உரிய வேலைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் பூங்காவும் விளையாட்டுத் திடலும் பெயர் சொல்லியே வருகின்றன.

2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. செயற்கைப் புல் போட்ட ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விடுவது. விளையாட வருபவரிடம் ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு 120 ரூபாய் வாங்குவது. வசதி உள்ளவருக்கு 120 ரூபாய் ஒரு காபிச் செலவு. குடிசைப் பகுதிப் பிள்ளைக்கு அது வீட்டின் ஒரு நாள் காய்கறிச் செலவு. தினமும் ஒரு மணி நேரம் என்றால் மாதம் 3,600 ரூபாய் ஆகிறது. உடனே பல பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. ஓரிரு நாளிலேயே மாநகராட்சி அதைத் திரும்பப் பெற்றது. திடல்களைக் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது.

பராமரிக்கப் பணம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் வாசலில் காசு வாங்க ஆரம்பித்தால் முதலில் நின்றுபோவது யார்? ஏழை வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டிலும் அண்ணன் தம்பிக்குக் காசு கிடைக்கும். அக்கா தங்கைக்குக் கிடைக்காது.

அதே சென்னையின் கண்ணகி நகரைப் பாருங்கள். நகரின் நடுவில் குடிசையில் இருந்தவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய பகுதி. அங்கிருந்து வந்த கார்த்திகா என்ற பெண், 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத்தலைவி. கையெட்டும் தூரத்தில் ஆட இடமும் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இடமே இல்லாதவர்கள்

"அதெல்லாம் நகரத்துக்காரங்களுக்கு" என்று சொல்வீர்கள். லடாக்கில் உள்ள பெண்களின் கதையையும் கேளுங்கள். இமயமலையில் குளிர்ந்த வறண்ட பிரதேசம். வருடத்தில் சுமார் இரண்டு மாதம் குளம் குட்டை உறைந்து கிடக்கும். அதுதான் அவர்கள் பழகிய பனித்திடல். இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் பெரும்பாலோர் அந்தப் பகுதியினர். 2016ல் முதல் தடவை வெளிநாட்டில் ஆடப் போனார்கள். பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் போனார்கள். 2017ல் பிலிப்பைன்ஸை 4-3 என்று தோற்கடித்து முதல் வெற்றி. 2025ல் ஆசியக் கோப்பையில் வெண்கலம். உறைந்த குளத்தில் தொடங்கியவர்கள் அங்கே போய் நின்றார்கள்.

நம் பெண்களுக்குக் குளம் உறைய வேண்டாம். கபடிக்குத் தேவை மண்தரை மட்டும்தான்.

இப்போது நம் ஊர்க் கணக்கு

பெண்கள் கபடிக்கான ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். இரண்டரை சென்ட்கூட ஆகாது. கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டருக்கு 9 மீட்டர், நாலு சென்ட். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டாலும் பத்து சென்ட்டில் இரண்டும் அடங்கும். கல், முள், கண்ணாடிச் சில்லு இல்லாமல் இருந்தால் போதும்.

அரசுத் திட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. 2006க்குப் பிறகு வந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைத்தார்கள். 2020ல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது. 2024ல் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணங்கள் வழங்கும் திட்டத்தில் 33 வகைப் பொருட்கள் ஊராட்சிகளுக்கு வந்தன. நூறு நாள் வேலையிலும் விளையாட்டுத் திடல் அமைப்பது அனுமதிக்கப்பட்ட வேலைகளில் ஒன்றாக இருந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும்.

ஆட்சி எதுவானாலும் திட்டம் வந்தது. வந்த பொருள் எங்கே என்று நம்மில் யாருக்குத் தெரியும்? மூட்டை பிரித்தார்களா? ஸ்கிப்பிங் கயிறும் பந்தும் யார் கையில்? நாம் கேட்டால்தான் தெரியும். கேட்பது சண்டை போடுவது இல்லை. குழுவில் கையிருப்பு எவ்வளவு என்று ஊக்குநரைக் கேட்பது எப்படி நம் உரிமையோ, அப்படித்தான் இதுவும்.

"பொம்பளைங்களுக்கு வேலையே உடற்பயிற்சிதானே?"

கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. களை எடுப்பதும் தண்ணீர் சுமப்பதும் கடுமையான உழைப்புதான். ஆனால் களை எடுப்பவருக்கு இடுப்பு நாள் முழுக்க ஒரே பக்கம் வளைகிறது. பீடி சுற்றுபவரும் தையல் தைப்பவரும் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார்கள். நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறோம்? பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது வீடு வீடாகப் போய் இதைப் பார்த்த தன்னார்வலர்களில் பலர் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடம் வேக நடை போன்ற உடல் அசைவும், பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடம் ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று பிரிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆடும் பெண்ணுக்குத் தோழிகள் இருப்பார்கள். பயிற்சி தரும் ஆசிரியர் இருப்பார். அடுத்த போட்டி இருக்கும். பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணப் பேச்சு வந்தால் அவளுக்காகப் பேச நாலு பேர் இருப்பார்கள். வீட்டுக்குள் அடைந்த பெண்ணுக்கு அது இல்லை.

அந்த ஊரில் என்ன நடந்தது?

அந்த மகளின் கேள்வியை அடுத்த கூட்டத்தில் வைத்தோம். முதலில் திடல் யாருடையது என்று பார்த்தோம். குழுவின் பிரதிநிதிகள் இரண்டு பேர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். அரசுப் புறம்போக்கு என்று இருந்தது. ஆக, பதில் கிடைத்தது: பசங்களுடையது இல்லை, ஊருடையது. ஊர் என்றால் அதில் நாமும் சேர்த்தி.

பிறகு மண்ணில் கோலப்பொடியால் திடலை வரைந்தோம். யார் எந்த நேரம் எங்கே இருக்கிறார்கள் என்று கல் வைத்துக் காட்டினோம். ஆண்பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை, பெண்களுக்குக் கூழாங்கல். சாயங்காலம் நாலரை முதல் ஆறரை வரை எல்லாமே புளியங்கொட்டை! "ஒரு கல்லுகூட இல்லியே" என்று முதலில் சொன்னவர் யார் தெரியுமா? கல்யாணப் பேச்சு எடுத்த அதே பாட்டி.

ஆண்பிள்ளைகளை விரட்டவில்லை. அவர்களும் நம் பிள்ளைகள்தான். அவர்களில் மூத்த இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேசினோம். முதலில் முறைத்தார்கள். "உன் தங்கச்சியும் ஆடணும்னு கேக்கறா" என்று ஒரு அக்கா சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாள் நாலரை முதல் ஆறு வரை ஒரு பாதி பெண்பிள்ளைகளுக்கு என்று முடிவானது. கிராம சபையில் மனுவாகவும் கொடுத்துத் தீர்மானத்தில் எழுதச் சொன்னார்கள். கண்ணாடிச் சில்லு மட்டும் இரண்டு சிமெண்ட் சாக்கு பொறுக்கினார்கள்.

ஆட்ட நேரத்தில் உறுப்பினர் இரண்டு பேர் முறை வைத்துப் போய் உட்காருகிறார்கள். சும்மா உட்காரவில்லை, புளி கொட்டை எடுக்கும் வேலையைக் கையோடு எடுத்துப் போகிறார்கள். அந்தப் பாட்டியும் வருகிறார். "புள்ள விழுந்து கிழுந்து வெக்கப் போறா" என்று திட்டிக்கொண்டே ஒரு பிடி கடலை மடியில் கொண்டு வருகிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். உபகரண அறையின் சாவி சில நாள் கிடைக்கிறது, சில நாள் ஆள் இல்லை என்கிறார்கள். திடல் ஓரத்தில் விளக்கு வேண்டும் என்ற மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது. இடம் பார்க்கும் பேச்சும் இப்போதைக்கு நின்றிருக்கிறது. அடியோடு போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பெண் வாரத்தில் மூன்று நாள் ஆடுகிறாள். அவளோடு இன்னும் பதினோரு பேர்.

உங்கள் குழுவில் செய்ய

1. திடல் எது, யாருடையது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடும் புலப்படமும் இருக்கும். ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கைத் திடலாகக் கேட்காதீர்கள். அது தண்ணீருக்கு உரிய இடம். பள்ளித் திடல் இருந்தால் தலைமையாசிரியரிடம் பேசுங்கள்.

2. கோலப்பொடி வரைபடம் போடுங்கள். யார் எந்த நேரம் என்று கல்லும் கொட்டையும் வைத்துப் பாருங்கள். குழுவில் உள்ள மகள்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர்கள் வாயால் சொல்லட்டும்.

3. ஊராட்சிக்கு வந்த விளையாட்டுப் பொருட்களின் பட்டியலைக் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைக்காவிட்டால் எழுத்தில் கேளுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது; விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.

4. கிராம சபைக்கு மொத்தமாகப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் 2022ல் அரசு சேர்த்தது. பொறுப்பில் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் மனு மனுதான். தீர்மானத்தில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

5. பராமரிப்புக்கு முறை வையுங்கள். மாதம் ஒரு நாள் சுத்தம் செய்வது, பொருட்களுக்கு ஒரு இருப்புப் பதிவேடு, சாவி ஒன்று ஊராட்சியில், ஒன்று குழுவில்.

6. வாசலில் காசு வாங்கும் பேச்சு வந்தால் யார் நின்றுபோவார்கள் என்று கேளுங்கள்.

விவாதிக்கக் கேள்விகள்

உங்கள் ஊர்த் திடலில் கடைசியாக ஒரு பெண்பிள்ளை ஆடியதை எப்போது பார்த்தீர்கள்?

நீங்கள் கடைசியாக விளையாடியது எந்த வயதில்? யார் நிறுத்தியது? யாரும் நிறுத்தாமல் நீங்களே நின்றுவிட்டீர்களா?

நேரம், பராமரிப்பு, கட்டணம் என்ற மூன்று சாவிகளில் உங்கள் ஊரில் எது யார் கையில் இருக்கிறது?

இரண்டாவது கேள்வியை அந்த ஊரில் கேட்டபோது வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு அக்கா சொன்னார்: "நான் நொண்டி நல்லா ஆடுவேன். கல்யாணத்துக்கு மொத நாள் வரைக்கும் ஆடினேன்." கல்யாணம் ஆனபோது அவருக்குப் பதினைந்து வயது.

உங்கள் குழு என்ன முடிவு எடுத்தது என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். வரைபடம் போட்டிருந்தால் அதையும் ஒரு தாளில் வரைந்து எடுத்து வாருங்கள். எல்லா ஊர் வரைபடத்தையும் ஒரே சுவரில் ஒட்டிப் பார்ப்போம்.